அங்கோரா முயல் வாங்கும் முன்: கோத்தகிரியில் நான் பட்ட பாடு

எங்கள் வீட்டுக்கு அங்கோரா முயல், அதாவது கம்பளி முடிக்காக வளர்க்கும் முயல், வந்தது ஒரு செப்டம்பர் மாதம். கையால் சுழற்றி நூல் நூற்கும் தக்ளி வந்தது அடுத்த ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் மூன்று தடவை வெட்டிய முடியை அரிசிச் சாக்கில் அமுக்கி அலமாரி மேல் போட்டு வைத்திருந்தேன். நூற்கலாம் என்று இறக்கிப் பார்த்தால் பாதி முடி அடை போலக் கெட்டிப்பட்டிருந்தது, மீதியில் அந்துப்பூச்சி. ஒரு வருஷத் தீவனக் காசு அப்படியே குப்பைக்குப் போயிற்று.

நான் தேடியபோது கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இறைச்சி முயல் வளர்ப்புக் குறிப்புகள். முயல் எல்லாம் முயல்தானே என்று அவற்றையே பின்பற்றினேன். முடிக்காக வளர்க்கும் முயலுக்குப் பாதி விஷயம் பொருந்தாது. நான் செய்த வரிசையை மறந்துவிட்டு, செய்திருக்க வேண்டிய வரிசையில் கீழே எழுதுகிறேன். விலைகள் எல்லாம் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

1. ஊர் ஒத்துவருமா?

அங்கோரா முயல் பன்னிரண்டு மாதமும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கும் உயிர். 10 முதல் 25 டிகிரி வரை சுகமாக இருக்கும். 30 தாண்டினால் மூச்சு வாங்கும். இன்னும் ஏறினால் ஒரே பிற்பகலில் செத்துப்போகும். ஊட்டி, கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் மேல்மலை என்றால் துணிந்து இறங்கலாம். ஏற்காடு, வால்பாறைக்காரர்கள் ஏப்ரல், மே மாதங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோவையிலும் மதுரையிலும் இருந்துகொண்டு ஏ.சி. அறையில் வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டாம். மே மாதத்தில் ஒரு மத்தியானம் கரன்ட் போனால் கதை முடிந்தது.

ஊர் குளிர்ந்தது என்பதற்காகக் கூண்டு வைக்கும் மூலையும் குளிர்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ₹250க்கு ஒரு வெப்பமானி வாங்கி, அந்த மூலையிலேயே மாட்டி, வெயில் மாதத்தில் பகல் 2 மணிக்குப் பாருங்கள். எங்கள் தகரக் கொட்டகைக்குள் ஏப்ரலில் 33 காட்டியது. பத்தடி தள்ளி சில்வர் ஓக் நிழலில் 25. கூண்டு இப்போது அங்கேதான் நிற்கிறது.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தும்மல் தொந்தரவோ இருந்தால், முயல் வளர்க்கிற வீடு ஒன்றுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இந்த முடியின் தடிமன் ஏறத்தாழ 11 முதல் 15 மைக்ரான்தான். காற்றில் மிதக்கும், மூக்கில் ஏறும், சாம்பாரிலும் கிடக்கும்.

2. முயலுக்கு முன்னால் தக்ளி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தக்ளியும் 100 கிராம் சீவிய மெரினோ ஆட்டுக் கம்பளியும் வாங்குங்கள். தக்ளி ₹200, கம்பளி ₹300. இரண்டும் ஆன்லைனில் கிடைக்கின்றன. 20 முதல் 30 கிராம் எடையுள்ள தக்ளி போதும். கனமானது மெல்லிய இழையை அறுத்துவிடும். தினம் அரை மணி நேரம், ஒரு மாதம். முதல் வாரம் நூல் ஓரிடத்தில் கயிறாகவும் ஓரிடத்தில் சிலந்தி வலையாகவும் வரும். மூன்றாவது வாரம் கை தானாகப் பிடிபடும்.

மெரினோவில் ஏன் பழக வேண்டும் என்றால், ஆட்டு முடிக்கு இயல்பான சுருளும் பிடிப்பும் உண்டு. அங்கோராவுக்கு அந்தச் சுருளும் இல்லை, எண்ணெய்ப் பசையும் இல்லை. வழுக்கிக்கொண்டே போகும். நேராக அங்கோராவில் பழக உட்கார்ந்தவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். நானே இரண்டு வாரம் தக்ளியைத் தொடாமல் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்தும் நூற்பு எரிச்சலாகவே இருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள். ₹500தான் நஷ்டம். முயல் வாங்கிய பிறகு இது தெரியவந்தால், ஐந்து முதல் எட்டு வருஷம் வாழும் ஒரு பிராணி உங்கள் பொறுப்பில் இருக்கும்.

3. முயல் வாங்குவது

வீட்டில் கம்பளிக்கு வளர்க்க ஜெர்மன் அங்கோரா ஏற்றது. நல்ல தீவனமும் குளிரும் இருந்தால் ஒரு முயலிடம் வருஷத்துக்கு 600 முதல் 800 கிராம் வரை எதிர்பார்க்கலாம். இங்கிலீஷ் அங்கோரா முகமெல்லாம் முடி மூடிப் பொம்மை மாதிரி இருக்கும். முடி குறைவு, சீப்பு வேலை அதிகம். படம் எடுக்கத்தான் லாயக்கு.

இனி ஏமாறும் இடங்கள். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'கம்பளி' என்ற பெயரைப் பார்த்துவிட்டு மன்னவனூரில் விற்கும் முயல் எல்லாம் கம்பளி முயல் என்று நினைத்துவிடுவோம். அங்கே கிடைக்கும் வொயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இரண்டும் இறைச்சி இனங்கள். இதில் வொயிட் ஜெயன்ட்டும் வெள்ளை உடம்பு, சிவந்த கண். ஜெர்மன் அங்கோராவும் அப்படியே. குட்டியில் புதியவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதே நிறுவனத்தின் இமாச்சல் நிலையம் குல்லு பக்கம் கார்சாவில் இருக்கிறது. ஜெர்மன் அங்கோராவுக்குப் பேர்போன இடம் அதுதான். எங்கே கேட்பதானாலும், கிளம்புவதற்கு முன் 'அங்கோரா இருக்கிறதா, எந்த மாதம் கிடைக்கும்' என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் வாங்கினால் கையில் ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். மூன்று மாதக் குட்டியின் முதுகில் முடியை வகிடுபோலப் பிரித்து அளந்து பாருங்கள். இரண்டாம் மாதத்தில் முதல் வெட்டு நடந்திருந்தால் முடி கட்டையாகத்தான் இருக்கும். வெட்டிய முடியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்டவே இல்லை, இருந்தும் 3 செ.மீ. தான் என்றால் வாங்காதீர்கள். ஜெர்மன் அங்கோராவுக்குக் காது நுனியில் குஞ்சம் இருக்கும், அதையும் பாருங்கள். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தாய் ஒரு வெட்டுக்குக் கொடுத்த முடியின் எடை, காதில் பச்சை குத்திய எண் இருந்தால் அந்த எண் ஆகியவற்றை பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவள் நான். 'இரண்டும் பொட்டைதாம்மா' என்று கொடுத்தார்கள். ஒரே கூண்டில் விட்டேன். சினைக்காலம் 31 நாள் என்பதை ஒரு காலையில் வைக்கோலுக்குள் ஐந்து குட்டிகளைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

இரண்டு பெண் முயல் போதும், தனித்தனிக் கூண்டில். பெண்ணுக்குக் கம்பளி சற்றுக் கூடுதலாகவும் வரும். முதல் வருஷம் குட்டி எடுக்கும் ஆசை வேண்டாம்.

கொண்டுவருவது நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், அதுவும் இரவில். சமவெளி வழியாக வருவதானால் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறிவிட வேண்டும். கிளம்பும் ஊரில் கால்நடை மருத்துவரிடம் ஆரோக்கியச் சான்று வாங்கிக் கையில் வைத்திருங்கள். முயல் வேனில், சான்று வீட்டில் என்று வந்தால் வழியில் பதில் சொல்லி மாளாது.

'காட்டு முயல் பிடித்துத் தருகிறேன், கலப்பு பண்ணலாம்' என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வரும் பிராணி. அதோடு வளர்ப்பு முயலோடு அது இனம் சேரவும் சேராது.

4. கூண்டு

ஒரு முயலுக்கு இரண்டரை அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது குறைந்தபட்சம். இடமிருந்தால் பெரிதாகவே செய்யுங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் நிற்கட்டும். அடிக்கம்பி ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள, தடித்த 14 கேஜ் வலை. மெல்லிய கோழிவலை போட்டால் பாதம் வெட்டுப்பட்டுப் புண்ணாகும். கம்பி மேல் ஒரு மூலையில் ஒரு அடிப் பலகை போட்டுவிடுங்கள், உட்கார்ந்து ஓய்வெடுக்க. வாரம் ஒருமுறை பலகையைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஆகவே இரண்டு பலகை வேண்டும்.

தண்ணீருக்குக் கிண்ணம் வைக்காதீர்கள். தாடி முடி நனைந்து சடை பிடித்து, அடியில் தோல் வெந்துவிடும். நிப்பிள் பாட்டில் வாங்குங்கள். புல்லையும் மேலே கம்பித் தொட்டியில் போடாமல் பக்கவாட்டில் வையுங்கள். தலைக்கு மேல் வைத்தால் தூசியும் துரும்பும் பிடரி முடியில் விழுந்து, அந்தப் பகுதிக் கம்பளி முழுவதும் வீணாகும்.

எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில் மஞ்சு இறங்கினால் மூன்று நாள் நகராது. மழைச் சாரலுக்குத் தார்ப்பாய் வேண்டும், ஆனால் நாலு பக்கமும் மூடக்கூடாது. மூத்திர வாடை உள்ளே தங்கினால் முயலுக்குச் சளி பிடிக்கும். நாய், கீரி, காட்டுப்பூனை எல்லாம் உண்டு என்பதால் இரவில் கொக்கி போதாது, பூட்டே போடுங்கள்.

5. தீவனம்: பசியைவிட முடிதான் எமன்

முயல் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். முடி வயிற்றுக்குள் போகும். பூனை வாந்தி எடுத்துவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. முடி குடல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தள்ளிக்கொண்டு போவதற்கு நார் வேண்டும். அந்த நார் காய்ந்த புல்.

என் இரண்டு முயல்களில் மூத்தது தும்பை. ஒருநாள் அதன் புழுக்கைகள் தனித்தனியாக விழாமல், ஒரு முடியில் கோத்த கருகமணி போல வரிசையாகத் தொங்கின. அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்தேன். அடுத்த நாள் புழுக்கை சிறுத்தது. மூன்றாம் நாள் தீவனத்தைத் தொடவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனபோது, 'முதல் நாளே வந்திருக்கணும்மா' என்றார். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வாரம் நான் தூங்கவில்லை. புழுக்கை கோத்து வந்தால் அன்றே வெட்டுக்கு நாள் குறியுங்கள், காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். முயல் 12 மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.

அளவு இதுதான். பெரிய முயலுக்கு நாளைக்கு 150 கிராம் பெல்லட் தீவனம், புரதம் 16 முதல் 18 சதவீதம் உள்ளது. முடியே புரதம் என்பதால் இதில் கஞ்சம் பிடித்தால் கம்பளி மெலியும். காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் பெல்லட்டை நிறுத்திப் புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுக்கிறேன், உள்ளே தங்கிய முடி போய்விடும். அன்னாசி, பப்பாளிச் சாறு முடியைக் கரைக்கும் என்று பலர் சொல்வார்கள். முடியை அது கரைக்காது.

கோழித்தீவனத்தையும் மாட்டுத்தீவனத்தையும் முயலுக்குப் போடாதீர்கள். விலை குறைவு என்று ஒரு மாதம் போட்டுப் பார்த்து, வயிற்றுப்போக்கில் ஒரு குட்டியை இழந்தேன்.

பச்சைத் தீவனத்தில் மலைக்காரர்களுக்கு மூன்று ஆபத்து. ஒன்று, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அறுத்த புல். களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று தோட்டத்துக்காரரைக் கேட்காமல் ஒரு கைப்பிடிகூட எடுக்காதீர்கள். இரண்டு, சந்தையில் சும்மா கிடைக்கும் கேரட் இலையும் முட்டைக்கோஸ் இலையும். மருந்து அடித்த வாரத்தில் அறுத்ததாக இருக்கலாம். கோஸ் வயிற்றில் வாயுவும் சேர்க்கும். மூன்று, வேலியோரம். பட்டர் ஃப்ரூட் இலை, உண்ணிச்செடி, அசேலியா, உருளைக்கிழங்குச் செடி எல்லாமே விஷம். நான் வீட்டின் பின்னால் நாலு பாத்தியில் குதிரைமசாலும் கிக்குயு புல்லும் வளர்க்கிறேன். காலைப் பனி காய்ந்த பிறகு அறுத்து, ஒரு மணி நேரம் நிழலில் வாடவிட்டுப் போடுவேன்.

6. முடி வெட்டுவது

75 முதல் 90 நாளுக்கு ஒருமுறை. காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். 90 தாண்டினால் முடி கூடும் என்ற பேராசை வரும். சடைதான் கூடும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஒட்ட வெட்டாதீர்கள். நான் நவம்பர் நடுவில் ஒரு வெட்டு, பிப்ரவரி முதல் வாரத்தில் ஒன்று, ஏப்ரல் கடைசியில் வெயில் உறைக்கும் முன் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் சில நாள் கூடிப்போகும், அப்போது சீப்பு கூடுதலாகப் போடுவேன்.

கூர்மையான, நுனி மழுங்கிய ஆறு அங்குலக் கத்தரி வேண்டும். தையல் கத்தரி வேண்டாம். கனம் அதிகம், மணிக்கட்டு போய்விடும். முந்தின நாள் சீவி, துரும்பை எடுத்துவிடுங்கள். மேசை மேல் வழுக்காத துண்டு. பகல் வெளிச்சம்.

முதுகுத்தண்டின் மேல் கழுத்திலிருந்து வால் வரை வகிடு எடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாக அரை அங்குல வரிசையாகக் கீழே இறங்குங்கள். கத்தரி தோலோடு படுக்கையாகப் போக வேண்டும். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்வது: முடியைப் பிடித்துத் தூக்குவோம். முயல் தோல் வெங்காயச் சருகு மாதிரி. முடியோடு தோலும் கூடாரம்போல எழும்பும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டுவோம். என் முதல் வெட்டில் விலாவில் அப்படி ஒரு வெட்டு விழுந்தது. தும்பை துள்ளவில்லை, கத்தவில்லை; என் விரலில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் இடது கை முடியைத் தொடுவதில்லை. உள்ளங்கையால் தோலை இழுத்துச் சமமாக்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வயிற்றுப் பக்கம் முலைக்காம்புகள் முடிக்குள் ஒளிந்திருக்கும். முதலில் விரலால் தடவி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு தடவை வெட்டாதீர்கள். மேலே ஒரு வெட்டு, அடியில் சரிசெய்ய ஒரு வெட்டு என்றால், இரண்டாவது வெட்டில் விழும் துணுக்குகள் நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும். மேடு பள்ளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாணத்துக்கா போகப்போகிறது. முதல் முறை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது ஐம்பது நிமிடம். வெட்டி முடித்ததும் ஒரு வாரம் காற்றுப் படாத இடத்தில் வைக்கோல் பெட்டியோடு வைத்திருங்கள். அந்த வாரம் தீவனம் அதிகமாகத் தின்னும், கொடுங்கள்.

7. தரம் பிரித்து வைப்பது

வெட்டும்போதே நாலு டப்பா. 6 செ.மீ.க்கு மேல், சுத்தம்: முதல் தரம். 3 முதல் 6: இரண்டாம் தரம். அதற்கும் கீழே மூன்று. சடை, கறை எல்லாம் நாலு. பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஒன்றாகக் கொட்டினால் பிரிக்க முடியாது. நாலாம் தரத்தைத் தலையணைக்குள்கூடப் போடாதீர்கள், உரக்குழிக்கு அது நல்லது.

எண்ணெய்ப் பசை இல்லாததால் நூற்கும் முன் துவைக்க வேண்டியதில்லை. துவைத்தால் அடை ஆகும். இழைகள் ஒரே திசையில் கிடக்கும்படி, அமுக்காமல், இறுக்கமான மூடியுள்ள தகரப் பெட்டியில் காகிதம் விரித்து அடுக்குங்கள். மழைக்காலத்தில் வெட்டியது என்றால் ஒருநாள் வீட்டுக்குள் உலர்த்திய பிறகே மூடுங்கள். வேப்பிலையை மட்டும் நம்பாதீர்கள், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். எடையும் தேதியும் எழுதிய சீட்டு உள்ளேயே இருக்கட்டும். எந்த முயல் எவ்வளவு கொடுக்கிறது என்று ஒரு வருஷம் கழித்து அந்தச் சீட்டுதான் சொல்லும்.

8. நூலும் பின்னலும்

சுத்த அங்கோராவில் ஸ்வெட்டர் போடலாம் என்ற கனவோடு வருகிறோம். போட்டால் இரண்டு விஷயம் நடக்கும். துவண்டு தொங்கும், மீளும் சக்தி அதற்கு இல்லை. சூடும் தாங்காது, இழைக்குள் காற்றறைகள் இருப்பதால் ஆட்டுக் கம்பளியைவிட வெகுவாகச் சூடு பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு அங்கோரா, இரண்டு பங்கு மெரினோ. இந்தக் கலவை போதும். அங்கோராவின் பூம்படலம், அதாவது பஞ்சு போன்ற மென்முடி, மேலே எழும், மெரினோ உருவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டையும் கலக்க, சீவும் பலகை ஜோடிக்கு ₹1,400 ஆகும். நாய்க்குச் சீவும் கம்பிப் பிரஷ் இரண்டு ₹400க்கு வாங்கி அதிலேயே ஆரம்பித்தேன். கலவையைத் தக்ளியில் நூற்கும்போது ஆட்டுக் கம்பளிக்குக் கொடுப்பதைவிட முறுக்கு அதிகம் வேண்டும். குறைந்தால் நூல் கையிலேயே விலகிப்போகும். இரண்டு இழையைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கி, சிட்டமாக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிடுங்கள். அந்த ஊறலில்தான் பூம்படலம் எழும். அதுவரை நூல் சணல் மாதிரித்தான் தெரியும், பயப்படாதீர்கள்.

முதல் பொருளாகக் குல்லா, கைக்கச்சை, மப்ளர் எடுங்கள். குரோஷா ஊசியைவிடப் பின்னல் ஊசியில் நூல் குறைவாகப் பிடிக்கும். குல்லாவுக்கு 60 முதல் 80 கிராம், மப்ளருக்கு 120 கிராம் நூல் எனக்கு ஆகிறது. கைக்குழந்தைக்கு எதுவும் போடாதீர்கள். முடி உதிரும், குழந்தை வாயில் வைக்கும். கேட்டு வருவார்கள், மறுத்துவிடுங்கள்.

9. வைத்தியம்

காதுக்குள் பொருக்குத் தட்டினால் காது சொறிப் பூச்சி. பொருக்கைப் பிய்க்காமல் மருத்துவரிடம் போங்கள், ஐவர்மெக்டின் எடை பார்த்து அவர் போடுவார். நாய்க்கு முதுகில் ஊற்றும் ஃபிப்ரோனில் மருந்து முயலைக் கொன்றுவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றினாலும் அதே கதி. முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று முயல் வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

10. காகித வேலை

இரண்டு முயல் வளர்க்க என்னிடம் யாரும் உரிமம் கேட்கவில்லை. கொட்டகை கட்டினால், எண்ணிக்கை கூடினால் உங்கள் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாசனை வந்த பிறகு வாங்க முடியாது.

விற்க ஆரம்பிக்கும்போது முதலில் உத்யம், அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி, பான், வங்கிக் கணக்கு எண். இவ்வளவுதான். அரசுத் தளத்தில் பதிவு முழுக்க இலவசம். ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை, அரை மணி நேர வேலை. இது தெரியாமல் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ₹1,200 கொடுத்தேன். தேடினால் முதலில் வரும் தளங்கள் பல அரசுத் தளம் போலவே சின்னம் போட்டுக் காசு கேட்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அடுத்தது மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் 'பெஹ்சான்' கைவினைஞர் அட்டை. கண்காட்சியில் கடை போட இது உதவும். செய்த பொருளை எடுத்துப் போங்கள். செய்துகாட்டச் சொன்னால் அங்கேயே தக்ளியைச் சுற்றுங்கள். இதற்குச் சில மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, டிசம்பர் சீசனுக்கு வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே தொடங்குங்கள். சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் 'மதி' விற்பனை வாய்ப்பையும் கேட்டுப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பதறாதீர்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் ₹40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. நம் தக்ளி அங்கே போய்ச் சேராது. ஆன்லைன் தளங்களில் விற்பதற்கும் வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கும் தனி விதிகள் உண்டு, அந்தக் கட்டத்தில் ஓர் ஆடிட்டரிடம் ₹500 கொடுத்துக் கேட்பது மலிவு. பொட்டலம் கட்டி விற்றால் மேலே உங்கள் பெயர், முகவரி, பொருள், அளவு, மாதம் வருஷம், அதிகபட்ச விலை, புகாருக்குத் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும்.

11. செலவும் விலையும்

இரண்டு முயலோடு தொடங்க எனக்கு ஆனது: கூண்டு இரண்டு ₹4,800, தாங்கியும் கூரையும் ₹3,500, முயல்கள் ₹4,000, கொண்டுவந்த செலவு ₹1,700, பாட்டிலும் தொட்டியும் ₹900, கத்தரி ₹650, சின்னத் தராசு ₹450, முதல் மாதத் தீவனம் ₹800, மருத்துவம் ₹600, பிறகு வாங்கிய தக்ளி, சீவும் பலகை ₹1,600. மொத்தம் ₹19,000.

பெல்லட் கிலோ ₹40 என்றால் ஒரு முயலுக்கு வருஷத்துக்கு 55 கிலோ, ₹2,200. 600 கிராம் முடி வந்தால் கிராமுக்கு ₹3.70 தீவனத்துக்கே போகிறது. ஒரு மப்ளரில் 40 கிராம் அங்கோரா ₹148, 80 கிராம் மெரினோ ₹240. ஏறத்தாழ ₹390. நூற்று முறுக்க 18 மணி நேரம், பின்ன 14 மணி நேரம். ₹2,400க்கு விற்றேன். மணிக்கு ₹63 கூலி. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

ஊட்டிக் கடைத்தெருவில் ₹400க்கு ஸ்வெட்டர் கிடைக்கும். லூதியானா மில் சரக்கோடு விலையில் மோதாதீர்கள். சுற்றுலாக் கடையில் வைத்துப் பார்த்தேன், தொட்டுப் பார்த்தே அழுக்காக்கினார்கள். எனக்குப் பலித்தது ஆர்டர் எடுத்துச் செய்வது: பாதிப் பணம் முன்னால், ஆறு வாரக் கெடு.

வாங்குபவர்கள் ஒன்று கேட்பார்கள்: முயலைக் கொடுமைப்படுத்தி எடுத்ததா? 2013இல் சீனப் பண்ணைகளில் உயிரோடு முடி பிடுங்கும் காணொளியை பீட்டா வெளியிட்ட பிறகு பெரிய கம்பெனிகள் பல அங்கோராவையே நிறுத்தின. ஆகவே அது நியாயமான கேள்வி. நான் தும்பைக்கு முடி வெட்டும் காணொளி ஒன்றைக் கைபேசியில் வைத்திருக்கிறேன், பாதியில் அது கொட்டாவி விடும்.

கடைசியாக, பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு வையுங்கள். இது இல்லாமல் அனுப்பிய என் முதல் மப்ளரை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள், பொம்மைக்குத்தான் கட்டலாம். நான் வைக்கும் சீட்டில் இருப்பது: கையால் மட்டும் துவைக்கவும். வெந்நீர் வேண்டாம். ஷாம்பு ஒரு சொட்டு. தேய்க்காமல், பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கவும். தொங்கவிடாமல் நிழலில் விரித்துக் காயவைக்கவும்.